கேள்வித்தாள் போன வழியும் திரும்பிய வழியும்

(சுகாதார ஊழியர்களுக்கும் ஊராட்சி ஒன்றிய அலுவலர்களுக்கும் நடைபெற்ற பயிற்சி முகாமில் ஆற்றிய சொற்பொழிவு)



எனக்கு முன் பேசியவர்கள் குடிநீரைப் பற்றியும், தாய் சேய் நலத்தைப் பற்றியும், கொசு ஒழிப்பைப் பற்றியும் பேசினார்கள். அவை கண்ணுக்குத் தெரியும் காரியங்கள். எனக்குக் கொடுக்கப்பட்டிருக்கும் பொருளோ வெறும் காகிதத்தைப் பற்றியது. சுகாதார ஊழியர்களுக்கு நாம் கேள்வித்தாள்கள் அனுப்புகிறோம். சில திரும்பி வருகின்றன, பல வருவதில்லை. எந்த வழியாக அனுப்பினால் எத்தனை திரும்பி வருகின்றன, வந்தவற்றை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதே இன்று நான் எடுத்துக்கொண்டிருக்கும் விஷயம். பகலுணவு முடிந்த வேளையில் இப்படியொரு பொருளைக் கேட்கும்படி உங்களுக்கு நேர்ந்துவிட்டது. உறங்குகிறவர்கள் உறங்கலாம், நான் வருந்தமாட்டேன்.

ஆனால் இது சிறிய விஷயமன்று. சமவெளியில் ஏறத்தாழ 5,000 மக்களுக்கு ஒரு துணை சுகாதார நிலையம், மலைப் பகுதியில் 3,000 பேருக்கு ஒன்று என்பது நம் நாட்டில் வகுக்கப்பட்டுள்ள கணக்கு. அந்நிலையத்தில் பணிபுரியும் கிராம சுகாதாரச் செவிலியருக்குத் தெரிந்த அளவு அவ்வூர்களின் நோயும் நொடியும் வேறு யாருக்கும் தெரியா. எந்த வீட்டில் கருவுற்ற பெண் இரத்தசோகையோடு இருக்கிறாள், எந்தத் தெருவில் தடுப்பூசிக்குத் தயங்குகிறார்கள், மழைக் காலத்தில் எந்த ஓடை வழியை மறிக்கும் என்பதெல்லாம் அவர் அறிந்தவை. தலைநகரிலோ மாவட்டத் தலைமையிடத்திலோ அமர்ந்து திட்டம் தீட்டுவோருக்கு அந்த அறிவு கிட்ட வேண்டுமானால் அவரைக் கேட்கவேண்டும். ஆயிரக்கணக்கானவர்களை நேரில் கேட்க இயலாது. ஆகையால் கேள்வித்தாள் அனுப்புகிறோம். அவர் விடையளிக்கவில்லையென்றால் அவருடைய 5,000 பேரும் ஊமையாகிவிடுகிறார்கள். அவர்களுக்கு வரவேண்டிய கருவியோ, கட்டடமோ, இன்னொரு ஊழியரோ விடையளித்த வேறோர் ஊருக்குப் போய்விடுகிறது.

என் சொந்த அனுபவம் ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். பல ஆண்டுகளுக்கு முன் ஓர் அலுவலகத்தில் புள்ளிவிவர உதவியாளனாக நான் வேலை பார்த்தேன். துணை நிலையங்களில் என்னென்ன குறைகள் உள்ளன என்று அறிவதற்காக ஒரு படிவம் தயாரித்தோம். எடை பார்க்கும் தராசு நல்ல நிலையில் உள்ளதா, இரத்த அழுத்தக் கருவி வேலை செய்கிறதா, தண்ணீர் உண்டா, விளக்கு உண்டா என்று கேள்விகள். படிவங்களை மேற்பார்வையாளர்கள் கையில் கொடுத்து, மாதாந்தரக் கூட்டத்தில் நிரப்பி வாங்கி வரும்படி உத்தரவிட்டோம். ஒரு வாரத்திற்குள் ஒன்று விடாமல் எல்லாப் படிவங்களும் வந்துவிட்டன. நூற்றுக்கு நூறு! நான் மிகவும் பெருமைப்பட்டேன். பிரித்துப் பார்த்தால், குறைகளுக்கான இடத்தில் படிவத்துக்குப் படிவம் ‘குறை ஒன்றுமில்லை’ என்றே எழுதியிருந்தது. சில கட்டுகளில் கையெழுத்தும் ஒன்றாகவே இருந்தது.

சில வாரங்கள் கழித்து வேறொரு காரியமாக அத்துணை நிலையங்களுள் ஒன்றுக்குப் போனேன். தராசின் முள் ஓரிடத்தில் சிக்கி நின்றுவிட்டிருந்தது. தண்ணீரை அந்தம்மாள் பக்கத்து வீட்டிலிருந்து குடத்தில் கொண்டுவந்து வைத்திருந்தார். “அம்மா, குறை ஒன்றுமில்லை என்று எழுதியிருந்தீர்களே?” என்று கேட்டேன். அவர் சற்றே தயங்கிவிட்டு, “ஐயா, அந்தப் படிவம் யார் கையால் வந்ததோ அவர் கையாலேயேதான் திரும்பிப் போயிற்று” என்றார். அதற்குமேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லத் தேவையுமில்லை. தராசு பழுது என்று எழுதினால், இத்தனை நாள் ஏன் தெரிவிக்கவில்லை என்ற கேள்வி முதலில் அவரைத்தான் வந்து சேரும். அந்தக் கேள்விக்கு அஞ்சி அவர் எழுதிய பொய்யை நாங்கள் கூட்டிக் கணக்கெடுத்து, அச்சிட்டு, மேலே அனுப்பியிருந்தோம். பிழை அவருடையதன்று, வழியைத் தேர்ந்த எங்களுடையது.

இப்போது மேல்நாடுகளில் இதைப் பற்றிக் கண்டறிந்தவற்றைச் சொல்கிறேன். மருத்துவத் துறையினரிடமே கேள்வித்தாள் அனுப்பிச் செய்த ஆராய்ச்சிகளுள் மிகப் புகழ்பெற்றது, ரிச்சர்டு டால், ஆஸ்டின் பிராட்போர்டு ஹில் என்னும் இருவர் பிரிட்டனில் தொடங்கியது. 1951-ஆம் ஆண்டு அக்டோபர் இறுதியில் அந்நாட்டு மருத்துவர் பதிவேட்டிலிருந்த ஏறத்தாழ 60,000 மருத்துவர்களுக்குத் தபாலில் கேள்வித்தாள் அனுப்பினார்கள். நீங்கள் புகை பிடிக்கிறீர்களா, முன்பு பிடித்து விட்டுவிட்டீர்களா, ஒருபோதும் வழக்கமாகப் பிடித்ததில்லையா, பிடிப்பதானால் எவ்வளவு? கேட்டது ஏறக்குறைய இவ்வளவே. வேலை மிகுந்த மருத்துவர் நீண்ட படிவத்தைக் குப்பைக் கூடையில் போட்டுவிடுவார் என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள். 40,000-க்கும் மேற்பட்டோர், அதாவது மூன்றில் இரண்டு பங்கினர், பயன்படத்தக்க விடை எழுதினார்கள். புகைப்பழக்கத்துக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை 1954-லேயே அவ்விடைகள் கொண்டு எடுத்துக்காட்ட முடிந்தது. பின்னும் 2001-ஆம் ஆண்டு வரை பல முறை அதே மருத்துவர்களுக்கு எழுதினார்கள். ஒவ்வொரு முறையும் உயிரோடிருந்தவர்களுள் மிகப் பெரும்பாலோர் விடையளித்தனர்.

அந்த ஆராய்ச்சியில் நம் பொருளுக்கு மிகவும் வேண்டிய செய்தி வேறொன்று உண்டு. விடையளித்தவர்களிடையே முதற் சில ஆண்டுகளில் நேர்ந்த மரணங்கள், அந்நாட்டு மருத்துவர் அனைவரிடையேயும் நேர்ந்தவற்றைக் காட்டிலும் விகிதத்தில் குறைவாக இருந்தன. ஏன்? கேள்வித்தாள் வந்த வேளையில் கடும் நோயுற்றுக் கிடந்தவர்கள் விடை எழுதவில்லை. திடமாக இருந்தவர்கள் எழுதினார்கள். ஆண்டுகள் செல்லச் செல்ல இந்த வேறுபாடு குறைந்தது. டாலும் ஹில்லும் இதை மறைக்காமல் எடுத்துச் சொல்லிக் கணக்கில் கொண்டார்கள். நம் நிலையும் இதுவே. எந்த நிலையத்தில் ஆள் குறைவோ, எந்தச் செவிலியர் இரண்டு நிலையங்களைச் சேர்த்துப் பார்க்கிறாரோ, எவர் மனம் சலித்துப் போயிருக்கிறாரோ, அங்கிருந்துதான் விடை வாராது. வந்த விடைகளை மட்டும் கூட்டிப் பார்த்தால் நாடு உண்மையில் இருப்பதைவிடச் செழிப்பாகவே தோன்றும்.

எண்ணிக்கை பெரிதாக இருந்தால் இந்தக் குறை நீங்கிவிடும் என்று எண்ணுவோர் உண்டு. அமெரிக்காவில் 1936-ஆம் ஆண்டு ‘லிட்டரரி டைஜஸ்ட்’ என்னும் பத்திரிகை அப்படித்தான் எண்ணியது. ஜனாதிபதித் தேர்தலை முன்கூட்டிச் சொல்ல ஒரு கோடிப் பேருக்கு வாக்குச் சீட்டு அனுப்பியது. ஏறத்தாழ 24 இலட்சம் திரும்பி வந்தன. அவற்றை எண்ணி, லாண்டன் என்பவர் வெல்வார் என்றது. வென்றவர் ரூஸ்வெல்ட், 48 மாநிலங்களில் 46 அவருக்கே கிடைத்தன. முகவரிகளைத் திரட்டிய முறை ஒரு குற்றம். எழுதாத 76 இலட்சம் பேர் எழுதியவர்களைப் போன்றவர்களே என்று கொண்டது மற்றொரு குற்றம். அப்பத்திரிகை நெடுநாள் நிலைக்கவில்லை. நம் அலுவலகங்கள் தவறான கணக்கால் மூடப்படுவதில்லையாதலால் நாம் பாடம் கற்பதும் தாமதமாகிறது.

செவிலியர்களைப் பற்றிய ஒரு பெரும் முயற்சியையும் சொல்ல வேண்டும். 1976-இல் அமெரிக்காவின் 11 மாநிலங்களில் 30 முதல் 55 வயது வரையுள்ள மணமான பதிவு பெற்ற செவிலியர்கள் ஏறத்தாழ 1,70,000 பேருக்குக் கேள்வித்தாள் தபாலில் போயிற்று. 1,21,700 பேர் விடையளித்தார்கள். அவர்களுக்கு இரண்டாண்டுக்கு ஒரு முறை தொடர்ந்து எழுதி, ஏறத்தாழ நூற்றுக்கு 90 அளவில் விடை பெற்று வந்திருக்கிறார்கள். செவிலியர்களை அவர்கள் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம், உடல்நலம் பற்றிய நுட்பமான கேள்விகளுக்கு மருத்துவர் துணையின்றியே சரியாக விடை எழுத வல்லவர்கள் அவர்கள் என்பதுதான். செவிலியர் படிவம் நிரப்பமாட்டார் என்று நம் அலுவலகங்களில் சொல்லக் கேட்கும்போதெல்லாம் எனக்கு இந்த 1,21,700 பேரின் நினைவு வருகிறது. எழுதிய விடைக்கு ஒரு பயன் உண்டென்று தெரிந்தால் அவர்கள் நாற்பது ஐம்பது ஆண்டுகளும் எழுதுவார்கள்.

இதே போன்று ஆண்களான பல் மருத்துவர், மருந்தாளுநர், கால்நடை மருத்துவர் முதலியோர் 51,529 பேரைக் கொண்டு 1986-இல் மற்றோர் ஆராய்ச்சி தொடங்கினர். பலமுறை எழுதியும் வாய் திறவாதவர்களுக்குச் சாதாரணத் தபாலில் அனுப்புவதா, கையொப்பம் பெற்றுக் கொடுக்கும் தபாலில் அனுப்புவதா என்பதை அவர்களிடையே சோதித்துப் பார்த்தார்கள். கையொப்பம் பெற்றுக் கொடுத்த தபால் அதிக விடைகளைக் கொண்டுவந்தது. செய்தி புதிதன்று, கையெழுத்துப் போட்டு வாங்கிய கடிதத்தை எவரும் மேசையடியில் எளிதில் நழுவவிடுவதில்லை. நம் நாட்டில் பதிவுத் தபால் என்ற தனி ஏற்பாடு 2025-இல் விரைவுத் தபாலோடு இணைக்கப்பட்டுவிட்டது; பெயர் எதுவானாலும் கையொப்பம்தான் முக்கியம்.

இவ்வகைச் சோதனைகள் நூற்றுக்கணக்கில் நடந்துள்ளன. பில் எட்வர்ட்ஸ் என்பவரும் அவருடைய தோழர்களும் அவற்றையெல்லாம் திரட்டி 2002-இல் ஒரு தொகுப்பு வெளியிட்டனர். அதில் 292 சோதனைகள் இடம் பெற்றன. பங்கு கொண்டோர் இரண்டரை இலட்சத்துக்கும் மேற்பட்டவர்கள். கேள்வித்தாளோடு சிறு தொகை பணம் வைத்தனுப்பினால் விடை வரும் வாய்ப்பு ஏறத்தாழ இரு மடங்காகிறது என்று கண்டார்கள். இங்கே ஒரு எச்சரிக்கை. வாய்ப்பு என்று அவர்கள் கூறுவது, எழுதினவர்களுக்கும் எழுதாதவர்களுக்கும் உள்ள விகிதத்தை. நூற்றுக்கு 40 பேர் எழுதிய இடத்தில் 80 பேர் எழுதுவர் என்று பொருள் கொள்ளக் கூடாது; கணக்குப் போட்டால் 57 பேர் அளவில் வரும். அதுவே பெரிது. கையொப்பம் பெறும் தபாலுக்கும் இதையொத்த பலன் உண்டு. படிவம் குறுகியதாயிருத்தல், பெயரிட்டு எழுதிய கடிதம், முன்னதாக ஓர் அறிவிப்பு, பின்னர் ஒரு நினைவூட்டல், நினைவூட்டும்போது கேள்வித்தாளின் இன்னொரு பிரதியையும் சேர்த்தனுப்புதல் ஆகியவையெல்லாம் பயன் தருவனவே. திருப்பி அனுப்பும் உறையில் முத்திரை அச்சடிப்பதைவிட உண்மையான தபால் தலையை ஒட்டி அனுப்பினால் அதிக விடைகள் வருகின்றன. ஒட்டிய தலை வீணாகக் கூடாதே என்று மனித மனம் எண்ணுகிறது போலும்! கூச்சம் தரும் கேள்விகள் உள்ள படிவங்கள் குறைவாகவே திரும்புகின்றன.

பணத்தைப் பற்றி ஒரு சொல். மருத்துவர்களிடம் நடத்திய சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் 2007-இல் சொன்னது இது: பேனா, புத்தகம் போன்ற பரிசுகளைவிடச் சிறு தொகையே பலித்தது. ஒரு டாலரானாலும் போதும் என்றார்கள். அது கூலியாகாது, மருத்துவரின் நேரத்துக்கு ஒரு டாலர் எம்மாத்திரம்? உங்கள் நேரம் மதிப்புள்ளது என்பதற்கு அது ஓர் அடையாளம். சர்க்கார் கணக்கில் இவ்வாறு பணம் வைத்தனுப்ப விதி இடந்தராது, தணிக்கையாளர் விடமாட்டார். ஆனால் படிவம் நிரப்பும் பொழுதைப் பணி நேரமாகக் கருதி, அன்றைய வேலையில் அரை மணியைக் குறைத்துக் கொடுக்க எந்த விதியும் தடுக்கவில்லை. அடையாளம் அதுவும்தான்.

மருத்துவர்கள் பொதுவாக மற்றவர்களைவிடக் குறைவாகவே விடையளிப்பவர்கள் என்பதையும் சொல்லிவிடலாம். மருத்துவ இதழ்களில் வெளியான தபால் ஆய்வுகளைப் பரிசீலித்து 1997-இல் வந்த கட்டுரையொன்று, மருத்துவர்களிடமிருந்து சராசரி நூற்றுக்கு 54-உம் ஏனையோரிடமிருந்து 68-உம் வந்ததாகக் கண்டது. இம்மண்டபத்தில் மருத்துவர்கள் முன் வரிசையில் இருக்கிறார்கள். என் மேல் கோபம் கொள்ளவேண்டாம்.

இனி மின்வழிக்கு வருகிறேன். இன்று தபாலில் அனுப்புவோர் அருகிவிட்டார்கள். கைபேசியில் ஓர் இணைப்பை அனுப்பிவிட்டால் கணநேரத்தில் ஆயிரம் பேரைச் சென்றடைகிறது. அச்சுக்கூலி இல்லை, தபால் செலவில்லை, வந்த விடைகளை மறுபடி கணினியில் ஏற்றும் வேலையும் இல்லை. இவ்வளவு வசதி இருக்கையில் காகிதம் எதற்கு என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. அதற்கு ஆஸ்திரேலியாவில் ஒரு நல்ல விடை கிடைத்தது.

அந்நாட்டில் 2008-இல் மருத்துவர்களின் பணிநிலை பற்றி ஒரு தொடர் ஆய்வு தொடங்கினார்கள். அதன் முன்னோட்டமாக 2,702 மருத்துவர்களைக் குலுக்கல் முறையில் மூன்று பிரிவாகப் பிரித்தார்கள். முதற் பிரிவினர் இணையத்தில் மட்டும் விடையளிக்க வேண்டும். இரண்டாம் பிரிவினருக்குக் காகிதப் படிவமும் இணைய வழிக்கான விவரமும் ஒருங்கே சென்றன, விருப்பம்போல் எழுதலாம். மூன்றாம் பிரிவினருக்கு முதலில் இணைய வழி. விடை வாராதவர்களுக்கு நினைவூட்டும்போது காகிதப் படிவம். முதற் பிரிவில் நூற்றுக்கு ஏறத்தாழ 13 பேரே விடையளித்தார்கள். இரண்டாவதில் ஏறத்தாழ 20. மூன்றாவதில் 21-க்குச் சற்றுக் குறைவு. செலவையும் பலனையும் சேர்த்துப் பார்த்தால் மூன்றாம் முறையே சிக்கனமானது என்று முடிவு செய்தார்கள். மருத்துவர்கள் படியாதவர்களல்லர், கணினி அறியாதவர்களுமல்லர். அவர்களிடமே காகிதத்தை விலக்கிய பிரிவு இவ்வளவு பின்தங்கியது.

காரணம் தேடத் தொலைவு போகவேண்டியதில்லை. காகிதப் படிவம் மேசைமேல் கிடந்து, போகும்போதும் வரும்போதும் கண்ணில் படுகிறது. பாதி எழுதி வைத்துவிட்டுப் பிரசவம் பார்த்துவிட்டு வந்தும் மீதியை எழுதலாம். கைபேசியில் வந்த இணைப்போ அடுத்த பத்துச் செய்திகள் வந்தவுடன் மேலே ஏறி மறைந்துவிடுகிறது. 2009-இல் எட்வர்ட்ஸ் குழுவினர் மின்வழிச் சோதனைகளையும் சேர்த்துத் தம் தொகுப்பைப் புதுப்பித்தபோது, மின்னஞ்சலின் தலைப்பில் ‘ஆய்வு’ என்ற சொல்லைப் போட்டாலே விடைகள் குறைகின்றன என்று கண்டார்கள். அந்தச் சொல்லின் மேல் உலகம் முழுவதும் மக்கள் அவ்வளவு அன்பு வைத்திருக்கிறார்கள்!

நம் கிராமச் செவிலியரின் நிலையோ இன்னும் சிக்கலானது. கர்ப்பிணிகளையும் குழந்தைகளையும் பதிவு செய்து தொடரும் கணினி ஏற்பாடு தமிழ்நாட்டில் 2008 முதல் நடந்து வருகிறது. அதற்கு முன்பிருந்த பதிவேடுகளும் முற்றும் போய்விடவில்லை. காகிதத்தில் ஒரு முறை, கணினியில் ஒரு முறை, கைபேசிக் குழுவில் படத்தோடு மற்றொரு முறை என்று ஒரே செய்தியை மும்முறை எழுதும் கை அது. பத்தோடு பதினொன்றாகப் போகும் நம் கேள்வித்தாளை அவர் இன்னொரு அறிக்கை என்றே கருதுவார். அறிக்கைக்கும் கேள்விக்கும் வேறுபாடு உண்டு. அறிக்கை மேலதிகாரி அறிய விரும்புவதைச் சொல்வது. கேள்வி, அவர் மனத்திலிருப்பதைக் கேட்பது. இரண்டும் ஒரே வழியாக, ஒரே கைபேசிக் குழுவில், ஒரே அதிகாரியின் பெயரால் வந்தால் வேறுபாடு எப்படித் தெரியும்? மேலும், கைபேசியில் எழுதினால் தம் எண்ணும் உடன் போய்விடும் என்ற ஐயம் பலருக்கு உண்டு. ஐயம் ஆதாரமற்றது என்று நான் உறுதி கூற மாட்டேன். படிவத்தை அமைத்தவர் மனம் வைத்தால் யார் எழுதினார் என்பதை அறிவது எளிது. மலைப்பகுதி ஊழியர்கள் அலைவரிசை கிடைக்கும் பாறைமேல் ஏறி நின்றுகொண்டு இருபத்தைந்து கேள்விகளுக்கு விடையளிப்பார்கள் என்று நாம் எதிர்பார்ப்பதைப் பற்றி என்ன சொல்வது?

இங்கிலாந்தில் அரசின் தேசிய சுகாதாரப் பணியில் உள்ள ஊழியர்களிடம் 2003 முதல் ஆண்டுதோறும் கேள்வித்தாள் அனுப்பி வருகிறார்கள். முதலில் காகிதம், பின்னர் காகிதமும் மின்னஞ்சலும், இப்போது பெரும்பாலும் மின்வழி. 2024-ஆம் ஆண்டு ஏறத்தாழ ஏழே முக்கால் இலட்சம் ஊழியர்கள் விடையளித்தார்கள். அது அனுப்பப்பட்டவர்களுள் நூற்றுக்கு 50. கட்டாயம் இல்லை. மேலதிகாரியைப் பற்றியும், வேலைச் சுமையைப் பற்றியும், பணியிடத்தில் அவமதிப்பு நேர்ந்ததா என்பதைப் பற்றியும் அதில் கேள்விகள் உள்ளன. இப்படிப்பட்ட கேள்விகளுக்குப் பாதிப் பேர் விடையளிப்பதற்கு ஏற்பாடே காரணம் என்று நான் கருதுகிறேன். எழுதிய விடை மருத்துவமனை நிர்வாகத்தின் கைக்குப் போவதில்லை. வெளியிலுள்ள ஒரு தனி அமைப்பு அதைப் பெற்றுத் தொகுக்கிறது. மிகச் சிறிய குழுக்களின் விடைகளைத் தனியே வெளியிடுவதுமில்லை. மூன்று பேர் மட்டும் உள்ள பிரிவின் விடையை வெளியிட்டால் யார் என்ன சொன்னார் என்று கண்டுகொள்ளலாமன்றோ? தராசு பழுதான அந்தத் துணை நிலையத்து அம்மாளுக்கு இத்தகைய வழி இருந்திருந்தால், அவர் ஒரு முழுப்பக்கம் எழுதியிருப்பார்.

அலுவலர் நண்பர்கள் ஒன்று கேட்கலாம்: ‘உத்தரவு போட்டால் நூற்றுக்கு நூறு வருகிறதே, நூற்றுக்கு 50-ஐ ஏன் புகழ்கிறீர்?’ என்று. ராபர்ட் குரோவ்ஸ் என்னும் அமெரிக்க அறிஞர் 2006-இல் பல ஆய்வுகளை ஒப்பிட்டுப் பார்த்து, விடை விகிதம் குறைந்ததனாலேயே முடிவில் பிழை பெருகுவதில்லை. விகிதத்தை மட்டும் கொண்டு பிழையின் அளவைக் கணிக்க முடியாது என்று எடுத்துக்காட்டினார். எழுதாதவர்கள் எழுதினவர்களிடமிருந்து எவ்வகையில் வேறுபட்டவர்கள் என்பதே கேள்வி. 50 பேர் மனம் விட்டு எழுதி, எழுதாத 50 பேரும் எவ்வூர்க்காரர், எவ்வளவு காலப் பணியினர் என்பது நமக்குத் தெரிந்திருந்தால், அவர்களுள் பத்துப் பேரையாவது நேரில் போய்ப் பார்த்து இடைவெளியை நிரப்பலாம். 100 பேரும் ‘குறை ஒன்றுமில்லை’ என்று எழுதிய இடத்தில் நிரப்ப ஏது இடைவெளி? நேரில் போகும்போதும் யார் போவது என்பதைக் கவனிக்க வேண்டும். எதிரே ஒருவர் நின்று கேட்கும்போது, காகிதத்தில் எழுதுவதைவிடத் தம்மை நல்லவராகக் காட்டும் விடையையே மனிதர் சொல்வது எந்நாட்டிலும் கண்ட உண்மை. மேற்பார்வையாளரே கேட்கப் போவதைவிட, அவ்வூழியரோடு அலுவல் தொடர்பற்ற ஒருவர் போவது நலம்.

இவ்வளவும் கேட்டபின், அடுத்த ஆய்வுக்கு என்ன செய்வது என்று நீங்கள் எண்ணலாம். என் யோசனை இது. கேள்விகளை ஒரே தாளில் அடக்குங்கள். அடங்காவிட்டால் குறைக்க வேண்டியது எழுத்தின் அளவையன்று, கேள்விகளின் எண்ணிக்கையை. பதிவேட்டில் ஏற்கெனவே இருப்பதை மறுபடி கேட்காதீர்கள். ஒரு வாரம் முன்னதாகப் பெயரிட்டு ஒரு கடிதம் எழுதி, எதற்காகக் கேட்கிறோம் என்று இரண்டு வரியில் சொல்லுங்கள். பிறகு கைபேசி வழியாகக் கேளுங்கள். தனித்தனியாக, குழுவில் அன்று. இரண்டு வாரம் பொறுத்து, விடை வாராதவர்களுக்குக் காகிதப் படிவமும் தபால் தலை ஒட்டிய உறையும் அனுப்புங்கள். யார் எழுதினார், யார் எழுதவில்லை என்று அறிவதற்கு ஒரு வழி உண்டு: படிவத்தில் பெயர் எண் ஒன்றும் இல்லாமல், ‘நான் அனுப்பிவிட்டேன்’ என்று தெரிவிக்கும் ஒரு கார்டைத் தனியே அனுப்பச் சொல்வது. விடையில் பெயர் இல்லை. கார்டில் விடை இல்லை. இது பழைய முறை, மிக எளிய முறை. உறையின் முகவரி மேற்பார்வையாளருடையதாக இருத்தல் கூடாது. பக்கத்துக் கல்லூரியின் புள்ளியியல் துறையோ, வேறொரு மாவட்டத்தின் அலுவலகமோ பெற்றுக்கொள்ளட்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, வந்த விடைகளால் என்ன நடந்தது என்பதை எழுதினவர்களுக்குத் தெரிவியுங்கள். பத்துத் தராசுகள் வாங்கினோம் என்றாவது, வாங்க நிதியில்லை என்றாவது ஒரு வரி. இதை நாம் செய்வதே இல்லை. போன ஆண்டு எழுதினேன், ஒன்றும் ஆகவில்லை என்பவரிடம் இவ்வாண்டு எந்தத் தபால் தலையும் வேலை செய்யாது.

இம்முகாமைப் பற்றியும் உங்களிடம் ஒரு கேள்வித்தாள் கொடுக்கப்போகிறார்கள். முகாமை நடத்தியவர்களிடமே திருப்பிக் கொடுப்பதாக முதலில் ஏற்பாடு. நான் தலைவர் அவர்களிடம் கேட்டுக்கொண்டதன் பேரில் அதைச் சிறிது மாற்றியிருக்கிறார்கள். ஆறு கேள்விகள், ஒரே பக்கம், பெயர் எழுத வேண்டாம். வாசலருகில் பூட்டிய பெட்டி ஒன்று வைக்கப்பட்டிருக்கிறது. சாவி இங்குள்ள எவரிடமும் இல்லை. இப்போது எழுத விருப்பமில்லாதவர்கள் தபால் தலை ஒட்டிய உறையொன்றை எடுத்துச் செல்லலாம். கைபேசியில் எழுத விரும்புவோருக்கு அதற்கான விவரம் தாளின் அடியில் உள்ளது. எந்த வழியாக எத்தனை விடைகள் வந்தன என்பதை எண்ணி, முகாமைப் பற்றி நீங்கள் எழுதிய குறைகளையும் சேர்த்து, இரண்டு மாதத்திற்குள் உங்கள் ஒவ்வொருவருக்கும் எழுதுவதாகத் தலைவர் அவர்கள் ஒப்புக்கொண்டிருக்கிறார். பகலுணவைப் பற்றியும் ஒரு கேள்வி இருக்கிறது, தயங்காமல் எழுதுங்கள்.